ஜவ்வு சேர்ந்துவிட்டது, கால் இன்னும் நம்ப மறுக்கிறது

அறுவை சிகிச்சைக்குப் பின் களமிறங்க அஞ்சும் கபடி வீராங்கனைக்கு ஓர் இயன்முறை மருத்துவரின் பதில்

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து இறுதியாண்டு படிக்கும் 21 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். பள்ளி நாள் முதல் கபடி ஆடிவரும் அவர், அணியின் முதன்மை ரைடர், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிச் சென்று தொட்டுத் திரும்புபவர். ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு போட்டியில் போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது கார்னரில், அதாவது எதிரணி வரிசையின் ஓரத்தில், நின்றவர் கணுக்காலைப் பிடித்தார்; அடுத்த நொடியே இன்னொருவர் பக்கவாட்டில் மோதினார். இடது முழங்கால் உள்பக்கமாக முறுக்கிக்கொள்ள, ‘டொப்’பென்ற சத்தம் தனக்கே கேட்டதாக எழுதுகிறார். ஏ.சி.எல். எனப்படும் ஜவ்வு முழுவதும் கிழிந்திருந்தது. நான்கு மாதம் கழித்து, அப்பா வட்டிக்குக் கடன் வாங்கி, தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. தொடையின் பின்புறத்திலிருந்து தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாக வைத்தார்கள். அதற்குப் பிறகு 14 மாதங்கள் கடந்துவிட்டன.

‘கால் நன்றாக இருக்கிறது, ஆடலாம்’ என்று அறுவை மருத்துவர் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. இவரும் பயிற்சிக்குப் போகிறார். ஆனால் ரைடின்போது அந்தப் பக்கத்துக் கார்னரை நெருங்கினாலே இடது கால் தானாக நின்றுவிடுகிறது. ரைடர் தாண்டியே ஆக வேண்டிய பாக் லைனை மட்டும் தாண்டிவிட்டு, ஒரு ரைடுக்கான 30 நொடியை ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார். கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்துப் பார்த்தே நகர்கிறார். நீ-கேப் எனும் முழங்கால் உறை போடாமல் களத்தில் இறங்குவதில்லை. யாரோ கைப்பேசியில் எடுத்த அந்தப் போட்டியின் காணொளியை இரவில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கோச் சார் அணியின் முன்னால் வைத்தே ‘பயந்தாங்கொள்ளி’ என்கிறார், மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். அம்மா, கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு ஒருமுறை கால் போனது போதாதா என்று அழுகிறார். மூன்று மாதத்தில் அணித் தேர்வு வருகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறை வேலை கிடைக்கும் என்பதுதான் அந்த வீட்டின் நம்பிக்கை. வாசகி கேட்பவை: இந்தப் பயம் எப்போது போகும்? இது மனநோயா? மாத்திரை ஏதும் உண்டா? இன்னொரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நிம்மதி வருமா? அல்லது கபடியையே விட்டுவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி ஒன்று உண்டு. “பிசியோவுக்கு மூன்று மாதம் போனேன், இரண்டு பஸ் மாறிப் போக முடியாமல் நிறுத்திவிட்டேன்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பயத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய நீங்கள் இதற்கு ஒரே வரியைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் பயத்தின் ஒரு பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

அதற்கு முன் உங்கள் கேள்வி ஒன்றுக்கு விடை சொல்லிவிடுகிறேன். இது மனநோய் இல்லை. இந்த ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்பியவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு மதிப்பாய்வின்படி, 100 பேரில் 81 பேர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். போட்டி நிலைக்குத் திரும்பியவர்கள் 55 பேர்தான். முழங்கால் ஓரளவு தேறியிருந்தும் திரும்பாதவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம், மறுபடியும் அடிபட்டுவிடுமோ என்பதுதான். இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே 12 கேள்விகள் கொண்ட ஏ.சி.எல்.–ஆர்.எஸ்.ஐ. என்ற அளவுகோல் 2008-இலேயே வந்துவிட்டது. மருத்துவர்கள் இதை முழங்காலின் வலுவைப் போலவே அளந்து பார்க்க வேண்டிய ஒன்றாகக் கருதுகிறார்கள். உங்கள் கோச் இதைக் குணக்கேடாக நினைப்பது தவறு. நீங்களும் அப்படியே நம்பத் தொடங்கியிருப்பது அதைவிட வருத்தமானது.

பயம் போடும் கணக்கில் சரி எது, பிழை எது

‘பயத்தை விடு’ என்று நான் உங்களிடம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அந்தப் பயம் முழுக்கப் பொய்யில்லை. 25 வயதுக்குக் கீழே, அறுவை சிகிச்சைக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினருக்கு இரண்டு முழங்கால்களில் ஏதேனும் ஒன்றில் மறுபடி ஜவ்வு கிழிந்ததாக 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டுகிறது. இந்த எண்ணை உங்களிடமிருந்து மறைத்துவிட்டு ஆறுதல் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அதே ஆண்டு வெளியான டெலாவேர்–ஓஸ்லோ ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தொடைத் தசை வலு, ஒற்றைக் கால் தாண்டல் போன்ற சோதனைகளில் தேறாமல் களத்துக்குத் திரும்பியவர்களில் 38 விழுக்காட்டினருக்கு மீண்டும் முழங்காலில் காயம் ஏற்பட்டது. தேறிய பிறகு திரும்பியவர்களில் 6 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே அது நேர்ந்தது. ஒன்பது மாதம் முடியும்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஒன்பது மாதத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். சோதனைகள்? உங்கள் கடிதத்தில் யாரும் உங்கள் தொடை வலுவை அளந்ததாகவே தெரியவில்லை.

மருத்துவர் ‘நன்றாக இருக்கிறது’ என்றது பெரும்பாலும் ஜவ்வைப் பற்றியதாக இருக்கும். கையால் இழுத்துப் பார்த்து மூட்டு தளரவில்லை என்று சொல்லியிருப்பார். அதை நம்பலாம். ஆனால் கார்னரில் பிடி விழும்போது முழங்காலைக் காப்பது ஜவ்வு மட்டுமே அல்ல. இந்தக் காயத்துக்குப் பிறகு தொடையின் முன்புறத் தசையை முழு வலுவோடு இயக்க மூளையே தயங்குகிறது. தசை இருந்தும் கட்டளை அரைகுறையாகத்தான் போகிறது. முறையான, கடுமையான வலுவூட்டல் பயிற்சி இல்லாவிட்டால் இந்தக் குறை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். உங்கள் பின்தொடையிலிருந்தும் தசைநாரை எடுத்திருப்பதால் அங்கேயும் வலு குறைந்திருக்கும். மூன்று மாதத்தோடு பிசியோவை நிறுத்திய ஒருவருடைய கால், ‘நான் இன்னும் தயாரில்லை’ என்று சொன்னால் அந்தக் குரலைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

குனிந்து பார்த்து நடப்பதாக எழுதியிருந்தீர்களே, அதற்கும் காரணம் உண்டு. இந்த ஜவ்வில் மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அது கிழியும்போது அந்தத் தகவலும் குறைந்துபோகிறது. இந்தக் காயம்பட்டவர்கள் முழங்காலை அசைக்கும்போது, பார்வையோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்வதை மூளைப் படமெடுப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கால் தராத தகவலைக் கண் வழியே தேடுகிறீர்கள். ஆனால் ரைடருடைய கண் எதிரணியின் கார்னர் மீதும், கைகோத்துப் பிடிக்க வரும் செயின் மீதும் இருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு போகிறவர் பிடி வருவதைக் கடைசி நொடியில்தான் காண்பார். அப்படித் திடுக்கிட்டு விறைத்த காலோடு பிடிபடுவதுதான் உண்மையில் ஆபத்து. பயம் அதிகமாக இருந்தவர்களுக்கே இரண்டாவது காயமும் அதிகமாக நேர்ந்தது என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. 40 பேரை மட்டுமே வைத்துச் செய்த சிறிய ஆய்வு என்பதால் அதை நான் வேதவாக்காகக் கொள்ளவில்லை. ஆனாலும் களத்தில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

கைவிட வேண்டிய சில நம்பிக்கைகள்

புதிய ஜவ்வைச் ‘செயற்கை நரம்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் உடம்பின் சொந்தத் தசைநார். வைத்த முதல் சில மாதங்களில் அது வலுவிழந்துதான் இருக்கும்; பிறகு இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, ஓராண்டு, இரண்டாண்டு என்று மெல்ல ஜவ்வின் இயல்புக்கு மாறிவரும். மிகவும் நொய்ந்த காலத்தை நீங்கள் கடந்து வெகுநாள் ஆகிவிட்டது. படியிறங்கும்போதோ பஸ்ஸில் ஏறும்போதோ அது ‘பட்டென்று அறுந்துவிடும்’ என்ற அச்சத்துக்கு இப்போது ஆதாரம் இல்லை.

இன்னொரு ஸ்கேனுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஜவ்வின் படத்தைக் காட்டுமே தவிர, ஒற்றைக் காலில் நீங்கள் எப்படித் தரையிறங்குகிறீர்கள் என்பதைக் காட்டாது. வீக்கம், மூட்டு நழுவுவது போன்ற புதிய அறிகுறி இருந்தால் கதை வேறு. துணி நீ-கேப்பும் அப்படித்தான். கதகதப்பும் தைரியமும் தரும், ஆனால் கபடியில் விழும் முறுக்கு விசையை அது தடுக்காது. உடனே கழற்றிவிடுங்கள் என்று சொல்லவில்லை. எளிய பயிற்சிகளில் முதலில் கழற்றப் பழகுங்கள்.

மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். களமிறங்கும் முன் பதற்றம் தணிக்கும் மாத்திரை போட்டால் அனிச்சை வேகம் மந்தமாகும். வலி மாத்திரை போட்டால் முழங்கால் தரும் எச்சரிக்கை கேட்காது. இரண்டுமே உங்களுக்கு வேண்டாம்.

முதலில் அளவெடுங்கள்

உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கோ, விளையாட்டுக் காயங்களைப் பார்த்துப் பழகிய இயன்முறை மருத்துவரிடமோ சென்று, ‘மீண்டும் விளையாடத் தகுதியா என்று சோதித்துச் சொல்லுங்கள்’ என்று இதே சொற்களில் கேளுங்கள். இரு தொடைகளின் முன்புற, பின்புற வலுவைத் தனித்தனியே அளப்பார்கள். ஒற்றைக் காலில் ஒரு தாண்டல், தொடர்ந்து மூன்று தாண்டல், கோட்டுக்கு இருபுறமும் மாறி மாறித் தாண்டல், 6 மீட்டர் தூரத்தைத் தாண்டித் தாண்டிக் கடக்கும் நேரம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். காயம்பட்ட கால் மற்றக் காலின் 90 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது பொதுவான அளவு. இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு: இவ்வளவு காலம் சரியாக ஆடாததால் உங்கள் வலது காலும் மெலிந்திருக்கலாம், மெலிந்த காலோடு ஒப்பிட்டு 90 வாங்குவதில் பெருமையில்லை. ஆகவே எண்ணோடு சேர்த்து, தரையிறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாய்கிறதா என்பதையும் கைப்பேசியில் படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு பஸ் மாறும் சிரமத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாரம் மூன்று நாள் போக வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பயிற்சியைத் திருத்திக்கொண்டு, மற்ற நாட்களில் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் செய்யலாம். ஆனால் லேசான ரப்பர் பட்டைப் பயிற்சியோடு நின்றுவிடக் கூடாது. எடையைத் தூக்கி, கடைசி இரண்டு முறை கஷ்டப்பட்டுச் செய்யும் அளவுக்கு உழைத்தால்தான் தொடை திரும்பும். வார்ம்-அப்புக்குக் கால்பந்து வீரர்களுக்கென்று ஃபிஃபா உருவாக்கிய 11+ பயிற்சித் தொகுப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 20 நிமிடத்தில் முடியும், அணி முழுவதற்கும் நல்லது.

பிடியை நோக்கிப் படிப்படியாக

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது என்பார்கள். நீங்கள் தினமும் அடுப்பங்கரை வரை போய், ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புகிறீர்கள். இந்தப் பழக்கம்தான் பயத்தை வளர்க்கிறது. கார்னரை நெருங்கியதும் திரும்பிவிடும் ஒவ்வொரு முறையும், ‘திரும்பியதால்தான் தப்பித்தோம்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. நெருங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அறிய அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. ‘பயம் போனதும் ஆடுவேன்’ என்று நீங்கள் காத்திருப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: ஆடிப் பார்க்காமல் பயம் போகாது.

சோதனையில் ஓரளவேனும் தேறிய பிறகு, நீங்கள் நம்பும் தோழி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் ஆளில்லாத களத்தில் அதே கார்னருக்கு, அதே இடது காலை முன்வைத்து, கண்ணை நிமிர்த்தியபடி போய்த் திரும்புங்கள். தோழி கார்னரில் நின்று விரல்களைக் காட்டட்டும், நீங்கள் எண்ணைச் சொல்லிக்கொண்டே நகருங்கள். கண் தரைக்குப் போகாமலிருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அடுத்து, நின்ற நிலையில் அவர் உங்கள் கணுக்காலைப் பிடிக்கட்டும். ‘விடு’ என்றதும் விட வேண்டும். பிறகு நடை வேகத்தில் பிடி, பாதி வேகத்தில் பிடி, முழு வேகத்தில் ஒருவர் பிடி. இருவர் செயின் அதற்கும் பிறகு. எப்போது பிடி வரும் என்று சொல்லாமல் பிடிப்பது கடைசிக்கு.

ஒவ்வொரு படிக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், பயம் பத்துக்கு எத்தனை என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பயம் பூஜ்யத்துக்கு வர வேண்டியதில்லை. எட்டிலிருந்து நான்குக்கு வந்து, எழுதி வைத்தது நடக்கவுமில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். பயிற்சியில் லேசான வலி வந்து மறுநாளைக்குள் அடங்கினால் கவலையில்லை. மறுநாள் முழங்கால் வீங்கியிருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

இதில் கோச் சாருக்கும் ஒரு வேலை உண்டு. பிடிபட்ட பின் எப்படி விழுவது என்பதை அவரிடம் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்: இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்க வேண்டும், பாதம் தரையில் பூட்டிக்கொண்டிருக்கும்போது உடம்பைத் திருப்பக் கூடாது. பாதம் பூட்டிக்கொண்டு, ஆளும் மேலே விழுந்துவிட்டால் அந்தப் பாயிண்டை விட்டுக்கொடுத்துவிடுங்கள். மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுவதற்குத்தான் நம் ஊர்க் கூட்டம் விசிலடிக்கும் என்பது எனக்கும் தெரியும்; ஆனால் அந்த விசில் உங்கள் மருத்துவமனைக் கணக்கைக் கட்டாது.

வினேஷ் போகாட்டைப் பற்றி அவர் சொல்வதில் பாதி விடுபட்டிருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தோடு ஸ்டிரெச்சரில் வெளியேறியவர், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், ரியோவில் மோதிய அதே சீன வீராங்கனையை வென்று தங்கமும் வென்றார். இடையில் இரண்டு ஆண்டுகள் இருந்தன என்பதையும், 2023-இல் அவருக்கு மீண்டும் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது என்பதையும், அதன் பிறகே 2024 பாரிஸில் இறுதிச்சுற்று வரை முன்னேறினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். ஆபத்து அவருக்கும் பூஜ்யமாகிவிடவில்லை. கோச்சிடம் தனியே பேசி, அணியின் முன்னால் ‘பயந்தாங்கொள்ளி’ என்று சொல்ல வேண்டாம் என்றும், எட்டு வாரத்துக்கு இந்தப் படிகளின்படி பயிற்சி தரும்படியும் கேளுங்கள். இயன்முறை மருத்துவரின் சோதனைத் தாளைக் கையில் கொண்டுபோனால் பேச்சு எளிதாகும்.

அந்தக் காணொளியும் அப்பாவின் கடனும்

காணொளியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்கத்தான் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இத்தனை முறை பார்த்தும் கிடைக்காதது இனிக் கிடைக்கப் போவதில்லை. அந்த நேரத்தில், நன்றாக ஆடிய பழைய ரைடு ஒன்றைக் கண்ணை மூடி, உங்கள் கண் வழியாகவே, காலடி காலடியாக நினைத்துப் பாருங்கள். ஆனால் பார்க்காமலேயே அந்தக் காட்சி பகலில் திடீரென்று கண்முன் வந்தாலோ, அதே கனவால் தூக்கம் கெட்டாலோ, அது என் துறையைத் தாண்டியது. மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது: நீங்கள் பயப்படுவது முழங்காலுக்காகவா, அப்பா இன்னொரு முறை கடன் வாங்க நேருமே என்பதற்காகவா? இரண்டாவதும் இருந்தால் அதை எந்தத் தாண்டல் பயிற்சியும் தீர்க்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்பம் தகுதியானதா, இந்த அறுவை சிகிச்சை அதில் அடங்குமா, அரசு மருத்துவமனையில் எங்கே செய்கிறார்கள், கல்லூரி தன் அணி வீரர்களுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்பதையெல்லாம் இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். மோசமானது நடந்தாலும் என்ன செய்வோம் என்று தெரிந்திருப்பது நெஞ்சுப் பாரத்தைக் குறைக்கும். அம்மாவை அந்தச் சோதனை நாளுக்கு உடன் அழைத்துப் போங்கள். இந்த அறுவை சிகிச்சை திருமணத்துக்கோ குழந்தைப்பேற்றுக்கோ தடையே இல்லை என்பதை மருத்துவர் வாயால் அவர் கேட்கட்டும்.

விட்டுவிடலாமா?

விடலாம். அது உங்கள் உரிமை. அதில் அவமானமும் இல்லை. முதல் காயமே பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானத்தின் வாய்ப்பைக் கூட்டியிருக்கிறது, இரண்டாவது காயம் அதை மேலும் கூட்டும் என்பதும் நீங்கள் எடைபோட வேண்டியது. நீங்கள் ஏற்கெனவே பெற்ற சான்றிதழ்கள் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா, எத்தனை ஆண்டு வரை செல்லும் என்பதைத் தேர்வு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்; செல்லுமானால் இந்த ஒரு தேர்வின் மீது இருக்கும் பாரம் குறையும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: காவலர் தேர்வின் உடற்திறன் போட்டிகளில் பெண்களுக்கு ஓட்டமும் நீளம் தாண்டுதலும் உண்டு. கபடியை விட்டாலும் மணலில் அந்தக் காலில்தான் இறங்க வேண்டும். ஆகவே வலுவூட்டலும் சோதனையும் இரண்டு முடிவுகளுக்கும் பொதுவானவை. அவற்றை இந்த வாரமே தொடங்குங்கள், முடிவைப் பிறகு எடுங்கள்.

மூன்று மாதத்தில் வரும் அணித் தேர்வைப் பற்றி: பத்தாவது வாரத்தில் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். வலுவும் தாண்டலும் எட்டியிருந்து, முழு வேகத்தில் ஒருவர் பிடிப்பதை நோட்டில் நான்குக்குக் கீழான பயத்தோடு கடந்திருந்தால் போங்கள். வலு எட்டி, பயம் மட்டும் ஆறு ஏழில் நின்றால், போவதா வேண்டாமா என்பதைச் சோதித்த மருத்துவரோடும் கோச்சோடும் உட்கார்ந்து பேசுங்கள். போனஸுக்கு மட்டும் போவது, குறைந்த ரைடுகள் ஆடுவது என்று வழிகள் உண்டு. வலுவே எட்டாவிட்டால், யார் என்ன சொன்னாலும், இந்தத் தேர்வுக்குப் போகாதீர்கள். இடையில் முழங்கால் வீங்கினாலோ, நடக்கையில் நழுவினாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைப் பாருங்கள்.